உங்கள் கைக்கணக்குக்கு நான் தண்டம் கட்ட வேண்டுமா?

வயிறு எரிகிறது. சைக்கிளை சர்வீஸுக்கு விட்டு எடுத்து வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஹேண்டில்பாரைக் கொஞ்சம் கீழே இறக்கலாம் என்று எல் கீயைப் போட்டால், ஹேண்டில்பாரைக் கவ்விப் பிடிக்கிற ஸ்டெம்மின் முன்தகட்டில் ஒரு போல்ட் பிடிப்பே இல்லாமல் சும்மா சுற்றுகிறது. மெதுவாக வெளியே இழுத்தேன். அதன் மரையில் வெள்ளிச் சரிகை மாதிரி அலுமினிய இழை சுற்றிக்கொண்டு வந்தது. ஸ்டெம்முக்குள் இருந்த மரை அப்படியே பிய்ந்து வந்திருக்கிறது! போல்ட் ஸ்டீல், ஸ்டெம் அலுமினியம். மிதமிஞ்சி முறுக்கினால் எது தோற்கும் என்று தெரியாதா?

அந்தப் போல்ட்டுக்குப் பக்கத்திலேயே வெள்ளை எழுத்தில் ‘5 நியூட்டன் மீட்டர்’ என்று, எவ்வளவு முறுக்க வேண்டும் என்ற அளவை அச்சிட்டிருக்கிறது. கண்ணுக்கு நேராக. கடையில் போய்க் கேட்டால், “இருபது வருஷமா கையாலதான் டைட் வைக்கிறேன் சார், என் கைக்குத் தெரியும்” என்கிறார்கள்.

என்ன தெரியும்? 10 சென்டிமீட்டர் எல் கீயின் நுனியில் சுமார் 5 கிலோ எடை தொங்கினால் எவ்வளவு முறுக்கோ, அதுதான் 5 நியூட்டன் மீட்டர். அதே கை 20 சென்டிமீட்டர் கைப்பிடியைப் பிடித்தால் இரண்டரைக் கிலோவிலேயே அந்த அளவு வந்துவிடும். பழகிய அழுத்தத்தையே கொடுத்தால் முறுக்கு இரட்டிப்பு. சாவி மாறினாலே கணக்கு மாறுகிறது. மரையில் கிரீஸ் இருந்தால் உராய்வு குறைந்து, அதே முறுக்குக்கு போல்ட் இன்னும் இறுகும். இதையெல்லாம் கை எப்படிக் கண்டுபிடிக்கும்? இந்தக் கைதான் அடுத்த நிமிஷம் பின்சக்கரப் பல்சக்கரங்களைப் பிடித்து வைக்கிற கேசட் லாக்ரிங்கை 40 நியூட்டன் மீட்டருக்கு, அதாவது எட்டு மடங்குக்கு, இறுக்க வேண்டும்.

இன்னொரு கடையில் “டார்க் ரெஞ்ச் இருக்கே” என்று, முறுக்கை அளந்து இறுக்கும் அந்தச் சாவியை எடுத்துக் காட்டினார்கள். பைக், கார் வேலைக்கான முழ நீள ரெஞ்ச். அதன் அளவே 20க்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. அதை வைத்து 5 எப்படி வைப்பார்கள்?

சரி, தாத்தா காலத்து ஸ்டீல் சைக்கிளுக்குக் கை போதும், ஒத்துக்கொள்கிறேன். ஸ்டீல் போல்ட், ஸ்டீல் நட், கனமான குழாய். கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் தாங்கும். என்னுடையது கார்பன் ஹேண்டில்பார். அதிகமாக நெரித்தால் வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே விரிசல் விடலாம். அப்புறம் ஒருநாள் பிரேக் பிடிக்கும்போது கையோடு வரும். ஈசிஆரில் அதிகாலை நேரம், பின்னால் லாரி. நினைக்கவே உடம்பு நடுங்குகிறது.

இறுக்கம் குறைந்தாலும் ஆபத்துதான். என் நண்பனின் சைக்கிளில் இடது கிராங்க், அதாவது பெடல் மாட்டியிருக்கும் கை, ஆடிக்கொண்டே இருந்து, கடைசியில் அதன் உள்பற்கள் தேய்ந்தே போயின. ஷிமானோ கம்பெனியின் ஹாலோடெக் 2 வகை கிராங்க் ஆர்மில், அதை இறுக்கிப் பிடிக்கிற இரண்டு போல்ட்டுகளுக்கு 12 முதல் 14 நியூட்டன் மீட்டர் வரை என்று ஆர்மிலேயே பொறித்திருக்கிறது. யார் படிக்கிறார்கள்?

சர்வீஸ் என்று காசு வாங்குகிறவர்கள் ஒரு சின்ன டார்க் ரெஞ்ச் வாங்கி வைக்க முடியாதா? அதை வைத்துப் போல்ட் கழற்றக் கூடாது, வேலை முடிந்ததும் அளவைக் கடைசிக்கு இறக்கி வைக்க வேண்டும். இவ்வளவுதானே பராமரிப்பு!

புது ஸ்டெம்முக்கு நான்தான் அழுதேன், ரெஞ்சும் நானே வாங்கினேன். நாலு போல்ட்டையும் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, கிளிக் சத்தம் கேட்கிற வரை நானே இறுக்கினேன். முன்தகட்டுக்கும் ஸ்டெம்முக்கும் நடுவே மேலும் கீழும் இடைவெளி ஒரே அளவு. கடைக்காரர் இறுக்கியபோது மேலே இடைவெளியே இல்லை, கீழே நகம் நுழைந்தது.