பிலிருபின் கூடினாலே கல்லீரல் நோயா?

ரத்தப் பரிசோதனை பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, பிலிருபின் (சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் மஞ்சள் நிறமி) டெசிலிட்டருக்கு 1.2 மில்லிகிராமைத் தாண்டினாலே கல்லீரல் பழுது என்பதுபோல் முடிகிறது. அப்படி இல்லை. டைரக்ட் (கல்லீரல் நீரில் கரையும்படி மாற்றியது), இன்டைரக்ட் (இன்னும் மாற்றாதது) என்று பிரித்துப் பார்க்காமல் மொத்த அளவை மட்டும் வைத்து என்ன சொல்ல முடியும்? இன்டைரக்டைப் பெரும்பாலான ஆய்வகங்கள் தனியாக அளப்பதும் இல்லை. மொத்தத்தில் டைரக்டைக் கழித்துப் போடுகிறார்கள். இன்டைரக்ட் மட்டும் கூடி, கல்லீரல் என்சைம்கள் சரியாக இருந்தால் சிவப்பணுச் சிதைவாக இருக்கலாம், இல்லையென்றால் கில்பர்ட் நோய்க்குறி. பின்னதில் பிலிருபினைக் கரையும் வடிவுக்கு மாற்றும் என்சைம் பிறவியிலேயே கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். பட்டினி கிடந்தாலே அளவு ஏறும், சிகிச்சை தேவையில்லை. அப்புறம், ரத்த மாதிரியை வெளிச்சத்தில் வைத்தால் பிலிருபின் சிதைந்து அளவு குறைவாகக் காட்டும். கட்டுரையில் இதையும் சேர்த்திருக்கலாம்.