நீளம் கூடினால் மலைப்பாதைக்கு நல்லதா?
மாற்றியமைக்கப்பட்டு வரவிருக்கும் மஹிந்திராவின் ‘தார்’ ஜீப் பற்றிய கட்டுரையில், அதன் நீளம் கூடினால் மலைப்பாதையிலும் அது மேம்பட்ட வண்டியாகிவிடும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2020இல் வந்த மூன்று கதவுத் தாரின் முன்பின் சக்கர இடைவெளி 2,450 மி.மீ.; 2024இல் வந்த ஐந்து கதவு ‘தார் ராக்ஸ்’ வண்டியில் அது 2,850 மி.மீ. இந்தக் கூடுதல் 400 மி.மீ. கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் குலுக்கலைக் குறைத்து, பின்னிருக்கையில் காலை நீட்ட இடமும் தருகிறது என்பது உண்மைதான். ஆனால் தரையிலிருந்து உள்ள உயரம் கூடாமல் சக்கர இடைவெளி மட்டும் கூடும்போது, மேட்டின் உச்சியைக் கடக்கையில் வண்டியின் நடுப்பகுதி தட்டுகிறது. கிருஷ்ணகிரி மாவட்ட மலைப்பகுதியான அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் பக்கம் மழை அறுத்த ஓடைக் கரையில் முன்சக்கரம் ஏறிக் கடந்த பிறகு, நீளமான வண்டியின் கால்படி கல்லில் உரசி, பின்சக்கரம் களிமண்ணில் சுழன்றபடி நின்றுவிடுவதை நேரில் பார்த்திருக்கிறேன். கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒரே மூச்சில் திரும்ப முடியாமல் பின்னால் எடுத்து ஒடிக்க வேண்டியிருக்கும், அதுவும் பள்ளத்தின் விளிம்பில். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர் பெரிய தொடுதிரையை எதிர்பார்ப்பதாகக் கூறியுள்ளார். அது வரட்டும், ஆனால் ராக்ஸ் வெளியானபோது டீசலுக்கு மட்டுமே கிடைத்த ஃபோர் வீல் டிரைவ் (நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை செல்லும் அமைப்பு) இம்முறை பெட்ரோலுக்கும் உண்டா என்பதைத்தான் நான் ஆவலுடன் எதிர்பார்க்கிறேன்.