கிடைச்சாச்சு, அதோடு விடுங்க

மூன்று நாளாக எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். காணாமல் போய்ப் பத்திரமாகக் கிடைத்துவிட்ட ஒரு பெண்ணைப் பற்றி நேற்று ராத்திரி வந்த அந்த வாய்ஸ் மெசேஜைக் கேட்ட பிறகு முடியவில்லை. எது என்று நம் கடலூர் குரூப்பில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கெடிலம் கரையில டார்ச் அடிச்சுத் தேடினோம். கால்ல முள்ளு குத்தினது எங்களுக்கு. இத்தனை நாள் எங்க இருந்தா, யார்கூட இருந்தான்னு தெரிஞ்சுக்க எங்களுக்கு உரிமை இல்லையா?" அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல்.

இல்லை தம்பி. உரிமை இல்லை.

அந்தப் பெண்ணின் பெயர், தெரு, காலேஜ் எதையும் இங்கே எழுதப் போவதில்லை. கமெண்டிலும் யாரும் எழுத வேண்டாம். எழுதினால் அழித்துவிடுவேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் காணவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போதே அவள் அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். மஞ்சக்குப்பத்தில் இருபது வருஷமாக ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். 'காணவில்லை' நோட்டீஸ் எத்தனை அடித்திருப்பேன் என்று கணக்கில்லை. பெயர், வயது, உயரம், நிறம், கடைசியாக உடுத்தியிருந்த உடை, அங்க அடையாளம் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே டைப் அடிப்பேன். உயரம் எவ்வளவு என்று கேட்டதற்கு அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கையைத் தன் காதுக்கு நேராக வைத்து, "இது வரைக்கும் வருவா சார்" என்றார். அங்க அடையாளம் கேட்டதும் வீட்டுக்குப் போன் போட்டார். அந்தம்மா அழுதுகொண்டே சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. சின்ன வயசில் தோசைக்கல் பட்ட தழும்பு, இடது முழங்கைக்கு மேலே. போட்டோ ஒரு கல்யாணத்தில் எடுத்தது. பக்கத்தில் நின்ற பெண்ணின் கை அவள் தோளில் இருந்தது. அதை அழித்துவிட்டு முகத்தை மட்டும் வெட்டி எடுத்தேன்.

ஐந்நூறு நோட்டீஸ். அந்தத் தழும்பு வரைக்கும் ஊருக்குத் தெரிந்தது அப்படித்தான். பெற்றவர்கள் வேறு வழியில்லாமல்தான் அதையெல்லாம் கொடுக்கிறார்கள். ஆள் கிடைப்பதற்காகக் கொடுத்ததை ஆள் கிடைத்த பிறகும் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் கொடு, இன்னும் சொல் என்று கேட்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தேடியவர்களைக் குறை சொல்லவில்லை. தேவனாம்பட்டினத்து ஆட்கள் ஃபைபர் படகை எடுத்துக்கொண்டு முகத்துவாரம் வரைக்கும் போய்ப் பார்த்தார்கள். லாரன்ஸ் ரோடு கடைக்காரர்கள் கேட்டதும் சிசிடிவி பதிவைப் போலீசுக்கு எடுத்துக் கொடுத்தார்கள். பல கடைகளில் ஒரு வாரம், பத்து நாளில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும், அதனால் அன்றைக்கே கொடுத்தது பெரிய உதவி. புதுச்சேரி, பண்ருட்டி, சிதம்பரம் வண்டி கண்டக்டர்கள் நோட்டீசை வாங்கி வண்டியிலேயே ஒட்டினார்கள். இதையெல்லாம் மனசாரச் சொல்கிறேன், நம் ஊரை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில், "பத்திரமாக இருக்கிறார், தேடிய அனைவருக்கும் நன்றி" என்று போலீஸ் ஒரு வரி சொன்னபோது கண் கலங்கிவிட்டது.

அந்த ஒரு வரி நமக்குப் போதாதா? மதியத்துக்குள் ஒருவர் மைக்கைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டு கேட்டில் நிற்கிறார். "ஊரே தேடியதே, உண்மை என்ன?" என்று தலைப்பு. பின்னால் கொடியில் காயும் துணி வரைக்கும் வீடியோவில் தெரிகிறது.

அவளுக்கு 18 வயது முடிந்துவிட்டது. அப்படி ஒருவர் காணாமல் போய்க் கிடைத்தால், போலீஸ் அவரிடம் வாக்குமூலம் வாங்கும். யாராவது கட்டாயப்படுத்தினார்களா, ஆபத்து ஏதாவது உண்டா என்று விசாரிக்கும். நானாகத்தான் போனேன், இருக்கிற இடத்தைச் சொல்ல விருப்பமில்லை என்று அவர் சொன்னால், பெற்றவர்களிடமே கூட, பத்திரமாக இருக்கிறார் என்பதற்கு மேல் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொல்லியாகிவிட்டது. அப்பா அம்மாவுக்கே அந்த எல்லை என்றால், டார்ச் அடித்தவருக்கு எங்கிருந்து வந்தது உரிமை?

தேடியது கடன் கொடுத்த மாதிரி இல்லை, வட்டியோடு திருப்பிக் கேட்பதற்கு.

சரி, "நாங்க மட்டும் ஷேர் பண்ணலைன்னா போலீஸ் தேடியிருக்குமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதை நான் அனுபவித்தவன்.

2019இல் என் அப்பா காணாமல் போனார். டிமென்ஷியா, மறதி நோய். விடியற்காலை ஐந்து மணிக்கு, வண்டிப்பாளையம் வீட்டிலிருந்து, வேட்டி சட்டையோடு கையில் மஞ்சள் பை. ஒன்பது மணிக்கு நான் புகார் கொடுக்கப் போன இடத்தில், "பெரியவர்தானே, சாயங்காலம் வரை பாருங்க, வந்துடுவார்" என்றார்கள். அந்தச் சாயங்காலம் வருவதற்குள் நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் வாங்குவோம் என்று சட்டத்தில் எங்கேயும் கிடையாது. இப்போது எந்த ஸ்டேஷனில் கொடுத்தாலும் எல்லையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது, அங்கேயே முதல் தகவல் அறிக்கை போட்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற புதிய சட்டமே சொல்கிறது. நம் ஊருக்கு இது ரொம்ப முக்கியம். ஆல்பேட்டை தாண்டி முள்ளோடை வந்தால் புதுச்சேரி எல்லை, வேறு ஆட்சி, வேறு போலீஸ். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி. அப்பா அப்படித்தான் போயிருந்தார்.

ராத்திரி பத்தரை மணிக்குப் போன் வந்தது. புதுச்சேரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவர். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவைப் பார்த்து அடையாளம் கண்டிருக்கிறார். நான் போய்ச் சேரும்போது அப்பா பெஞ்சில் உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கடைக்காரர் என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஏன் வந்தார், எப்படி விட்டீர்கள், ஒன்றும் இல்லை. "பையில மாத்திரை இருக்குண்ணே, சாப்ட்டாரான்னு தெரியலை" என்றார். அவ்வளவுதான். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

ஆகவே, ஷேர் செய்யாதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். ஷேர்தான் என் அப்பாவைத் திருப்பிக் கொடுத்தது.

ஆனால் மறுநாள் காலையில் எங்கள் தெருவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எங்களோடு தேடியவர்களில் ஒருவர், உண்மையிலேயே ராப்பகலாக அலைந்தவர், வீட்டு வாசலில் நின்று சத்தமாகக் கேட்டார்: "ஏம்ப்பா, மருமக சரியா சோறு போடலையா? பெரியவர் ஏன் போறாரு?" அவர் கெட்டவர் இல்லை. தேடிய களைப்பில் காரணம் கேட்கலாம் என்று நினைத்துவிட்டார். என் மனைவி உள்ளே அப்பாவின் வேட்டியை அலசிக்கொண்டிருந்தாள். அந்த மூன்று வருஷமும் அப்பாவுக்குக் குளிக்க ஊற்றியது, மாத்திரை கொடுத்தது, ராத்திரி கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுத்தது எல்லாம் அவள்தான். அன்றைக்கு ஒரு நாள் அசந்து தூங்கிவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு மாசம் அவள் மாவு மில்லுக்குப் போகவில்லை. ரேஷன் கடைக்கும் நான்தான் போனேன்.

பாருங்கள், காணாமல் போனது எழுபது வயது ஆண். அதற்கும் ஒரு பெண்தான் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்து, புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நடந்ததைச் சொல்வீர்கள். ஏற்கனவே இரண்டு பேர் இன்பாக்ஸில் வந்து சொல்லிவிட்டார்கள். 2024 மார்ச் 2ஆம் தேதி காணாமல் போன 9 வயதுக் குழந்தை, 5ஆம் தேதி தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே வாய்க்காலில் சடலமாகக் கிடைத்ததை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அன்று புதுச்சேரி ஜனம் ரோட்டுக்கு வந்தது சரிதான், கேள்வி கேட்டது சரிதான். குழந்தை காணவில்லை என்றால் கடத்தல் என்று எடுத்துக்கொண்டே வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இலேயே சொல்லிவிட்டது. எனவே போலீஸ் என்ன செய்தது என்று கேளுங்கள், எத்தனை மணிக்குப் புகார் வாங்கினார்கள், எத்தனை மணிக்குத் தேடக் கிளம்பினார்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நானும் உங்களோடு வந்து நிற்பேன். ஆனால் அந்தக் குழந்தையின் போட்டோவும் பெயரும் அதற்குப் பிறகு எத்தனை நாள் சுற்றின? என் போனுக்கே வந்தன. இப்படிப் பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டம் சொல்கிறது. அனுப்பியவர்கள் எல்லோரும் இரக்கத்தில்தான் அனுப்பினார்கள். இரக்கத்தில் செய்தாலும் அந்தத் தாயின் கண்ணில் படத்தானே செய்யும்?

போலீசைக் கேட்க வேண்டிய கேள்வி வேறு, அந்தப் பெண்ணைக் கேட்கிற கேள்வி வேறு. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறீர்கள்.

"ஓடிப்போனவளுக்காக நாங்க தூக்கம் கெடணுமா?" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குப் பதில் சொல்லவே மனசு வரவில்லை. ஓடிப்போனாளா என்று உங்களுக்கு யார் சொன்னது? ஒருவேளை அப்படியே இருந்தாலும், ஓடும் அளவுக்கு அவளுக்கு என்ன நடந்தது என்று தெரியுமா? எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம். ஆற்றிலோ கடலிலோ கிடைத்திருந்தால் மட்டும் தூக்கம் கெட்டது பரவாயில்லை என்று ஆகிவிடுமா? அதைச் சொல்லிவிட்டுப் பிறகு மற்றதைப் பேசுங்கள்.

அந்த அப்பாவிடம், நோட்டீசில் ஸ்டேஷன் நம்பரை மட்டும் போடுவோம் சார், உங்கள் நம்பர் வேண்டாம் என்று தலையால் அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை. "நேரா எனக்கே யாராவது சொல்லிட்டா நல்லது" என்றார். சனிக்கிழமை ஒருத்தன் கூப்பிட்டு, பெண் எங்களிடம்தான் இருக்கிறாள், ஐயாயிரம் ஜீபே பண்ணு என்றிருக்கிறான். அனுப்பிவிட்டார். எல்லாம் பொய். இன்னொருத்தன் ராத்திரி ஒரு மணிக்குக் கூப்பிட்டு அந்தப் பெண்ணைப் பற்றி அசிங்கமாகப் பேசியிருக்கிறான். இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஜெராக்ஸ் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். இனிமேல் யார் வந்தாலும் சொந்த நம்பர் போட்டு நோட்டீஸ் அடிக்க மாட்டேன் என்று முடிவு செய்திருக்கிறேன். ஸ்டேஷன் நம்பர், 112, குழந்தை என்றால் 1098, அவ்வளவுதான்.

நான் பெரிதுபடுத்துகிறேன் என்று சிலருக்குத் தோன்றலாம். 2018 மே மாதம் போளூர் பக்கம் குலதெய்வம் கோயிலுக்கு வந்த 60 வயதைத் தாண்டிய அம்மாவை, குழந்தைக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காகப் பிள்ளை பிடிக்கிறவர் என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். அடித்தவர்கள் எல்லோரும் ஊரைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருப்பார்கள். அந்த ஜூலையில்தான் வாட்ஸ்அப் நம் நாட்டில் ஒரு நேரத்தில் ஐந்து சாட்டுக்கு மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாதபடி கட்டுப்படுத்தியது. போன வெள்ளிக்கிழமை ராத்திரி நம் குரூப்பிலேயே ஒருவர், பஸ் ஸ்டாண்டில் சுற்றுகிற ஒரு வடநாட்டுப் பையன் போட்டோவைப் போட்டு, "இவன் மேலதான் சந்தேகம்" என்று எழுதினாரே. அந்தப் பையனைத் தேடி நாலு பேர் வண்டியில் கிளம்பினார்களே. நல்லவேளை அவன் அங்கே இல்லை. அந்தப் பதிவு இன்னும் அழிக்கப்படவில்லை.

அழிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அப்பா 2021இல் தவறிவிட்டார். அடுத்த வருஷம் ஆடி மாசம், ஒரு நாள் மதியம் அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பங்கரையிலிருந்து வந்தாள். சொந்தக்காரர் ஒருவர் ஏதோ குரூப்பிலிருந்து வந்ததைப் பார்க்காமல் அனுப்பியிருக்கிறார். "இந்தப் பெரியவரைக் காணவில்லை. அதிகம் பகிரவும்." அப்பா. நான் அடித்த அதே நோட்டீஸ், கீழே என் பழைய நம்பர். அம்மா ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். "இந்தச் சட்டை நான் தீபாவளிக்கு எடுத்தது" என்றாள். அப்புறம், "யாரோ இன்னும் தேடுறாங்கடா" என்றாள். நான் போனை வாங்கி அழித்தேன். எத்தனை போனில் இருக்கிறதோ, அதையெல்லாம் நான் எங்கே போய் அழிப்பது?

அதனால்தான் கேட்கிறேன். கிடைத்துவிட்டாள் என்று தெரிந்த நிமிஷமே அந்தப் போட்டோவை நீக்குங்கள். யாரிடமிருந்து வந்ததோ அவருக்கும் சொல்லுங்கள். "கிடைச்சாச்சு" என்று எழுதி அதே போட்டோவைத் திரும்ப அனுப்பாதீர்கள், போட்டோ இல்லாமல் எழுதுங்கள். வீடியோ போட்டவர் எடுத்துவிடுங்கள். அந்தத் தம்பி, உங்கள் காலில் குத்திய முள்ளுக்கு நான் நன்றி சொல்கிறேன், கடைக்கு வாருங்கள், உட்கார்ந்து டீ குடிப்போம். அந்த வீட்டுக்கு மட்டும் போகாதீர்கள்.

நேற்று அவள் அம்மா கடைக்கு வந்தார். தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு, மத்தியானம் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து. நோட்டீசுக்குப் பாக்கி இருநூறு ரூபாய் கொடுக்க வந்ததாகச் சொன்னார். கொடுத்துவிட்டும் நின்றார். "மிச்சம் இருந்தா கிழிச்சிடுங்கண்ணா" என்றார். நாற்பது சொச்சம் இருந்தது. அவர் கண் முன்னாலேயே கிழித்தேன். அந்தத் துண்டுகளையும் ஒரு பையில் போட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இன்றைக்குக் கடையடைத்த பிறகு வாளித் தண்ணீரும் தகட்டுக் கத்தியும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். மைதாப் பசை, நனைத்தால்தான் வரும். பஸ் ஸ்டாண்டு சுவரில் ஆறு, திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையம் வெளியே நாலு, உழவர் சந்தை கம்பத்தில் ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். செம்மண்டலம், முதுநகர் பக்கம் எங்கே ஒட்டினார்கள் என்று தெரியவில்லை. ஒட்டியவர்கள் இதைப் படித்தால் இடத்தை மட்டும் இன்பாக்ஸில் சொல்லுங்கள், போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம்.