ஒரு பாயிண்ட் என்ன விலை?

என் லேப்டாப்பில் ‘தம்பி டூர்’ என்று ஒரு எக்செல் ஃபைல் இருக்கிறது. தம்பி என்று நாங்கள் கூப்பிடும் அக்கா பையன் தொழில்முறை டென்னிஸ் ஆடிய ஏழு வருடக் கணக்கு. அக்காவுக்குக் கணக்கு வராது. அத்தானுக்கு அதைத் திறந்து பார்க்கத் தைரியம் வராது. வங்கியில் வேலை பார்க்கிற தாய்மாமன் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பத்து நாள் முன்பு குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு பெரியவர் கேட்டார்: “ஏழு வருஷம் ஆடி என்னத்த சாதிச்சான்? டிவியில ஒரு தடவையாவது வந்தானா?” அங்கே பதில் போட்டால் அக்கா வருத்தப்படுவாள். அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு மூன்று வாரக் கணக்கு. 2023. துனிசியாவில் மொனாஸ்டிர் என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே ஒரு ரிசார்ட்டை ஒட்டிய கோர்ட்டுகளில் ஏறக்குறைய வருடம் முழுக்க ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) போட்டிகள் நடக்கும். பெரும்பாலும் எம்15, அதாவது தொழில்முறை டென்னிஸின் கடைசிப் படி. ஆட்டக்காரர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் புழங்குகிறது: ஃப்யூச்சர்ஸ். மொத்தப் பரிசு 15,000 டாலர். ‘அடேயப்பா, பன்னிரண்டு லட்சம்’ என்று தோன்றும். அதை ஒற்றையர், இரட்டையர் என்று எல்லோருக்கும் பிரித்தால், ஒற்றையர் சாம்பியனுக்கு 2,160 டாலர். இறுதிப் போட்டியில் தோற்றவருக்கு 1,272. அப்படியே இறங்கிக்கொண்டே போய், மெயின் டிராவில், அதாவது முதன்மைப் போட்டியில், முதல் சுற்றில் தோற்றால் 156 டாலர். குவாலியில், அதாவது தகுதிச் சுற்றில், தோற்றால் ஒன்றும் கிடையாது.

தம்பி அங்கே போனது மூன்று வாரத்துக்கு. தோகா வழியாகப் போக வர விமானம் 72,000 ரூபாய். தங்குமிடமும் சாப்பாடும் ஒரு நாளைக்கு 65 யூரோ வீதம் 21 நாள், அது ஒரு 1,22,000. வாரம் 40 டாலர் நுழைவுக் கட்டணம், மூன்று வாரத்துக்குப் பத்தாயிரம். கட்டிங், துணி துவைப்பது, உள்ளூர் டாக்ஸி எல்லாம் சேர்த்து 17,000. (கட்டிங் என்றதும் வேறெங்கும் போய்விடாதீர்கள். ராக்கெட்டுக்கு நரம்பு மாட்டுவதை நம் ஊர்க் கோர்ட்டுகளில் அப்படித்தான் சொல்வார்கள்.) ஆக மொத்தம் 2,21,000. இதில் அறைச் சாவிக்கு வாங்கிய 40 யூரோ டெபாசிட் சேரவில்லை. அது திரும்ப வரும் என்றார்கள்.

வரவு: முதல் வாரம் குவாலியின் கடைசிச் சுற்றில் தோல்வி, பூஜ்யம். இரண்டாவது வாரம் குவாலியைத் தாண்டி மெயின் டிரா, முதல் சுற்றில் தோல்வி, 156 டாலர். மூன்றாவது வாரம் மறுபடியும் குவாலி, மறுபடியும் மெயின் டிரா, இந்த முறை முதல் சுற்றில் வெற்றி. 258 டாலர், ஒரு ஏடிபி பாயிண்ட். (ஏடிபி என்பது ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் சங்கம். உலகத் தரவரிசை இந்தப் பாயிண்டை வைத்துத்தான்.)

அன்றைய மதிப்பில் கையில் வந்தது சுமார் 34,000 ரூபாய், வரிப் பிடித்தத்துக்கு முன்னால். மிச்சம் 1,87,000 எங்கள் பணம். ஆக, ஒரு பாயிண்டின் விலை அதுதான். அந்தப் பாயிண்டும் மாத்திரை அட்டை மாதிரி, 52 வாரத்தில் காலாவதியாகிவிடும். அடுத்த வருடம் அதே வாரத்தில் அதே அளவாவது ஆடினால்தான் இருந்த இடத்தில் இருக்கலாம். அந்த மூன்றில் ஒரு வாரம் அவன் சாம்பியனே ஆகியிருந்தாலும் மூன்று வாரச் செலவு தேறியிருக்காது. இதில் கோச்சுக்குச் சம்பளம் இல்லை என்பதைக் கவனியுங்கள். கோச்சை வெளிநாட்டுக்குக் கூட்டிப் போகும் வசதி எங்களுக்கு ஒரு நாளும் இருந்ததில்லை.

இது ஏதோ எங்கள் பையன் சுமாராக ஆடியதால் வந்த நிலைமை என்று நினைத்தால், அதே 2023 செப்டம்பரில் சுமித் நாகல் என்ன சொன்னார் என்று தேடிப் பாருங்கள். அப்போது ஒற்றையரில் இந்தியாவின் முதல் நிலை ஆட்டக்காரர். வங்கிக் கணக்கில் 900 யூரோ இருக்கிறது என்றார். நாட்டின் முதல் ஆளுக்கு அது. நான்கு மாதம் கழித்து, 2024 ஜனவரியில், ஆஸ்திரேலியன் ஓபனில் குவாலி ஆடி உள்ளே வந்து முதல் சுற்றில் கஜகஸ்தானின் அலெக்சாண்டர் பப்ளிக் என்ற ஆட்டக்காரரைத் தோற்கடித்தார். அந்த ஒரு வெற்றியில் 1,80,000 ஆஸ்திரேலிய டாலர். அடுத்த மாதம் நம் நுங்கம்பாக்கத்தில் சென்னை சேலஞ்சரை (ஃப்யூச்சர்ஸுக்கு அடுத்த மேல்படிப் போட்டி) வென்று உலகத் தரவரிசையில் முதல் நூறுக்குள் போனார். விளையாட்டு ஒன்றுதான். ஒரு படி மேலே ஏறினால் பண மழை, ஒரு படி கீழே இறங்கினால் அறைச் சாவி டெபாசிட்டைப் பற்றிய கவலை.

நம் ஊர்க்காரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரனின் கதையும் இதேதான். முழங்கால் காயத்தில் மட்டும் பல வருடங்கள் போயின. வேறொருவர் என்றால் எம்பிஏ படிக்கப் போயிருப்பார். அவர் திரும்பி வந்து, இருபத்தொன்பது வயதில், 2019 ஏப்ரலில் உலகத் தரவரிசையில் 75ஆம் இடம் பிடித்தார். அந்த வருடம் நான்கு கிராண்ட்ஸ்லாமிலும் ஆடினார், நான்கிலும் முதல் சுற்றோடு வெளியே. முகநூலில் அப்போது நடந்த கிண்டலை நான் மறக்கவில்லை. ஆனால் அந்த ஆஸ்திரேலியன் ஓபன் முதல் சுற்றுத் தோல்விக்குக் கிடைத்தது 75,000 ஆஸ்திரேலிய டாலர். எம்15இல் இருபது கோப்பை ஜெயித்தாலும் அவ்வளவு சேராது. எங்கே தோற்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ராம்குமார் ராமநாதனையும் சொல்ல வேண்டும். 2017இல், உலகின் முதல் பத்து பேரில் ஒருவராக இருந்த டொமினிக் தீம் என்ற ஆட்டக்காரரை அன்டால்யா புல்தரையில் தோற்கடித்தவர். சேலஞ்சர் அளவில் ஆறு இறுதிப் போட்டிகளில் தோற்று, 2021 நவம்பரில் மனாமாவில் ஏழாவதை ஜெயித்தார். ஆறு தடவை தோற்றவர் ஏழாவது தடவை டாஸ் போட நடந்து போவதை யோசித்துப் பாருங்கள். எனக்கு அது தீம் வெற்றியைவிடப் பெரிய விஷயம்.

தோல்வி என்றதும் இன்னொன்று. 32 பேர் ஆடும் டிராவில் வாரா வாரம் 31 பேர் தோற்றுத்தான் ஊரைவிட்டுப் போகிறார்கள். என் அலுவலகத்தில் வாரத்துக்கு ஒரு தடவை “நீ சரியில்லை, கிளம்பு” என்று சொன்னால் இரண்டாவது மாதமே ராஜினாமா செய்திருப்பேன். தம்பி ஏழு வருடத்தில் ஒரே ஒரு வாரம்தான் தோற்காமல் திரும்பினான், அதுவும் இரட்டையரில். பரிசு 930 டாலர், ஜோடிக்குச் சேர்த்து. பாதி 465.

செலவைக் குறைக்க இன்னொரு ஆட்டக்காரரோடு அறையைப் பகிர்வது வழக்கம். ஒரு தடவை அவனும் அவனுடைய அறைத்தோழனும் முதல் சுற்றில் மோத வேண்டி வந்தது. இரவு ஒரே அலாரம், காலையில் ஒரே குக்கரில் சாதம், அக்கா கட்டிக் கொடுத்த பருப்புப் பொடி இருவருக்கும். “ஜெயிச்சியா?” என்று கேட்டேன். “ஜெயிச்சேன் மாமா, ஆனா ரூமுக்குப் போறதுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு” என்றான்.

அப்புறம் சூதாட்டக்காரர்கள். யாரும் பார்க்காத இந்த ஆட்டங்களின் நேரடி ஸ்கோர் தரவை 2012இலிருந்து ஐடிஎஃப் விற்றது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் இரண்டு பொடியன்களின் இரண்டாவது செட்டில் பணம் கட்டலாம் என்று ஆனது. கீழ்மட்டப் போட்டிகளில் ஊழல் பெருகியதற்கு அதுவும் முக்கியக் காரணம் என்று 2018இல் சுயேச்சையான விசாரணைக் குழுவே சொன்னது. எங்கள் அனுபவம்: ஒவ்வொரு தோல்விக்கும் பிறகு தம்பியின் இன்ஸ்டாகிராமில் அவன் அம்மாவைத் திட்டி நாற்பது மெசேஜ். ஒரு தடவை மட்டும் மரியாதையாக ஒரு மெசேஜ் வந்தது. முதல் செட்டை விட்டுக்கொடுக்கச் சொல்லி, 156 டாலரைப் போலப் பல மடங்கு தொகை. அவன் புகார் கொடுத்துவிட்டு என்னிடம் காட்டினான். அந்தத் தொகையைப் பார்த்ததும் என் மனசு ஒரு நொடி கணக்குப் போட்டது, மறைக்க மாட்டேன். எக்செல் பழக்கம்.

மேலே இருப்பவர்கள் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2024இலிருந்து ஏடிபி ஒரு குறைந்தபட்ச வருமானத் திட்டத்தைக் கொண்டுவந்தது. தொடங்கிய வருடத்தில் தரவரிசையின் முதல் நூறு பேருக்கு மூன்று லட்சம் டாலர், 175 வரை ஒன்றரை லட்சம், 250 வரை 75,000. நல்ல திட்டம்தான். 251ஆவது ஆளுக்கு ஒன்றும் இல்லை. தம்பி தொட்ட உச்சம் அறுநூற்றுச் சொச்சம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டக்காரர்களுக்கு அரசாங்கம் காசு கொடுக்க வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. “டென்னிஸ் பணக்காரன் ஆட்டம், அவனுக்கு எதுக்கு நம்ம வரிப்பணம்?” என்று கேட்பீர்கள். பாதி நியாயம். மீதிப் பாதிக்கு, அத்தான் விற்ற மடிப்பாக்கம் மனையைக் காட்டலாம். நான் கேட்பது போட்டிகள். ஊரில், வீட்டுப் பக்கத்தில், வருடம் முழுக்க.

மேலே போட்ட கணக்கை மறுபடி பாருங்கள். 2,21,000இல் ஏறக்குறைய எல்லாமே பயணமும் படுக்கையும். அதே எம்15 நுங்கம்பாக்கத்திலோ கோவையிலோ மதுரையிலோ நடந்தால் விமானம் இல்லை, யூரோ இல்லை, டெபாசிட் இல்லை. முதல் சுற்றில் தோற்றாலும் ராத்திரி அம்மா கையால் ரசம் சாதம். ஒரு எம்15க்குப் பரிசுத் தொகை அந்த 2023 கணக்கில் பன்னிரண்டு லட்சம் சொச்சம். நடுவர், பந்து, கோர்ட் என்று இன்னும் ஒரு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜெயித்த பிறகு மேடை போட்டு, மாலை போட்டு, பெரிய அட்டைக் காசோலையைப் பிடித்துப் புகைப்படம் எடுக்கிற செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றும் மலைப்பான தொகை இல்லை. ஜெயித்தவருக்கு மாலை போடுவது தப்பில்லை. ஆனால் அந்த மாலை ஏறும் வரை அவர் எங்கே ஆடினார் என்று யாராவது கேட்க வேண்டாமா?

“சொந்த ஊரில் பாயிண்ட் அள்ளினால் வெளியே போய் அடி வாங்குவான்” என்று ஒரு வாதம் உண்டு. இத்தாலியைப் பாருங்கள். சேலஞ்சர்களை அதிகம் நடத்தும் நாடுகளில் அது ஒன்று. 2019 பிப்ரவரியில் பெர்காமோ சேலஞ்சரில் பதினேழு வயதுப் பையன் ஒருவனுக்கு வைல்டு கார்டு, அதாவது தரவரிசை பார்க்காமல் அமைப்பாளர்கள் தரும் இடம், கொடுத்தார்கள். அப்போது அவன் ரேங்க் ஐநூறுக்கும் வெளியே. அந்தக் கோப்பையை அவனே வென்றான். பெயர் யானிக் சின்னர், பின்னாளில் உலகின் முதல் நிலை ஆட்டக்காரர். அவன் திறமைசாலி, எப்படியும் வந்திருப்பான் என்பீர்கள். இருக்கலாம். ஆனால் காரில் போய் ஆடக்கூடிய தூரத்தில் அவனுக்கு ஒரு சேலஞ்சர் இருந்தது.

நமக்கு? 2024இல் பிப்ரவரி மாதம் சென்னை, பெங்களூரு, புனே, டெல்லி என்று நான்கு சேலஞ்சர்கள் வரிசையாக நடந்தன. நாட்டுக்கே தீபாவளி. மார்ச்சில் கடையைச் சாத்திவிட்டு, மறுபடி தோகா வழியாக எங்காவது போக வேண்டியதுதான்.

சென்னைக்காரர்கள் டென்னிஸ் பேசினால் உடனே 2017க்குப் பிறகு புனேக்குப் போன ஏடிபி போட்டியைப் பற்றிப் புலம்புவோம். நானும் புலம்பியிருக்கிறேன். 1997இலிருந்து அந்தப் போட்டி என்றாலே நுங்கம்பாக்கம்தான். நடால் ஆடினார், வாவ்ரிங்கா நான்கு தடவை வென்றார், எல்லாம் சரி. ஆனால் இருபத்தோரு வருடம் உலகத்தையே இங்கே கூட்டிவந்து காட்டினோமே, அதில் நம் பையன்கள் எத்தனை பேர் உள்ளே ஆடினார்கள்? வருடத்துக்கு ஒரு சிலர், பெரும்பாலும் வைல்டு கார்டில். மற்றவர்கள் வெளிக் கோர்ட்டில் வந்தவர்களுக்குப் பந்தடித்துக் கொடுத்தார்கள். ஒரு பெரிய போட்டி போனதற்கு அழுகிற நாம், பத்துச் சின்னப் போட்டிகள் இல்லாததற்கு அழுவதில்லை. அது எனக்கு உறுத்துகிறது.

தம்பி இப்போது வேளச்சேரிப் பக்கம் ஓர் அகாடமியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறான். காலை ஐந்தரைக்குக் கோர்ட்டில் இருக்கிறான். சந்தோஷமாக இருக்கிறானா என்று கேட்டால் தெரியாது, நானும் கேட்கவில்லை. பிப்ரவரியில் சேலஞ்சர் குவாலி நடந்தபோது இருவரும் போயிருந்தோம். கேலரியில் எங்களைச் சேர்த்து முப்பது பேர் இருந்திருப்பார்கள். ஐரோப்பியப் பையன் ஒருவன் மூன்றாவது செட்டில் தோற்றுப் பையைத் தூக்கிக்கொண்டு போனான். “இவன் இன்னிக்கு ராத்திரியே டிக்கெட் மாத்துவான் மாமா, நாளைக்கு மாத்தினா ரேட் ஏறிடும்” என்றான் தம்பி.

ஃபைலை மூடலாம் என்று போன வாரம் திறந்தேன். ஒரே ஒரு வரி மட்டும் ‘வர வேண்டியது’ என்று மஞ்சளாக நின்றது. அவனுக்கு போன் போட்டு, அந்த துனிசியா சாவி டெபாசிட் 40 யூரோ வந்ததா என்று கேட்டேன்.

வரவில்லையாம்.