அந்த மனிதருக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

அந்த வீடியோவை இங்கே மறுபடி பகிர மாட்டேன். எல்லோரும்தான் பார்த்துவிட்டீர்களே. குடோன் வாசலில் புகைக்குள்ளிருந்து தடுமாறி வந்து விழுகிறார் ஒரு தீயணைப்பு வீரர். முகத்தில் மூச்சுக்கருவி இல்லை, மூக்கைச் சுற்றி ஈரத் துண்டு. கையிலிருந்து நழுவிய ஹோஸ் தன் இஷ்டத்துக்குத் துள்ளி, செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தவர்களை நனைக்கிறது. பின்னணியில் சினிமா காமெடி வசனம் ஒன்று. “இவனெல்லாம் டிரெய்னிங் எடுத்தவனா?” என்று முதல் பின்னூட்டம். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். என் நண்பர்கள் சிலரும் அதில் இருந்தார்கள். பார்த்துக்கொண்டேன்.

சிரித்தவர்களை விடுங்கள். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது அடுத்த நாள் வந்த பேட்டியில். மக்களின் பிரதிநிதி ஒருவர், சட்டமன்ற உறுப்பினர், மைக் முன்னால் நின்று “பயிற்சியில் குறை இருந்தால் துறை கவனிக்கும்” என்கிறார். துறை கவனிக்குமாம். அப்படியென்றால் நீங்கள் எதைக் கவனிக்கிறீர்கள் ஐயா? ஒவ்வொரு வருடமும் அந்தத் துறைக்குப் பணம் ஒதுக்கக் கேட்கும் மானியக் கோரிக்கைக்கு “ஆம்” என்று குரல் கொடுப்பது யார்? நானா?

இதைத்தான் நேற்று இரண்டு வரியில் எழுதினேன். அதற்கு வந்த வசவுகளைப் பார்த்த பிறகு, விரிவாகவே எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

விஷயம் இவ்வளவுதான். அந்த மனிதருக்குப் பயிற்சி கொடுத்தது அரசு. அதற்குப் பணம் கொடுத்தது சட்டமன்றம். ஆகவே, என்ன பயிற்சி கொடுத்தீர்கள் என்று கேட்க வேண்டிய இடமும் சட்டமன்றம்தான். டீக்கடையிலும் மீம்ஸ் பக்கத்திலும் கேட்டு எதுவும் ஆகப் போவதில்லை.

தீயணைப்போராக எப்படிச் சேர்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. சீருடைப் பணியாளர் தேர்வாணையம் ஒரே தேர்வில்தான் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்போர் என்று ஆள் எடுக்கிறது. தேர்வானவர்களுக்குத் துறையே பயிற்சி கொடுக்கிறது. தாம்பரத்தில் மாநிலப் பயிற்சி மையம் இருக்கிறது. பாடத்திட்டமும் துறையுடையது, பயிற்றுநரும் துறை ஆள், தேறினாரா இல்லையா என்று சொல்வதும் துறை, பிறகு சம்பளம் கொடுத்து வேலை வாங்குவதும் துறை. பரீட்சை எழுதிய பையனே தன் பேப்பரைத் திருத்திக்கொள்கிற மாதிரி. யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. வெளியிலிருந்து பார்க்க ஒரு கண் வேண்டும் என்கிறேன். ஜனநாயகத்தில் அந்தக் கண்ணுக்குச் சட்டமன்றம் என்று பெயர்.

அந்தக் கண் எங்கே பார்க்கிறது? மானியக் கோரிக்கை விவாதத்தைக் கவனித்துப் பாருங்கள். காவல் துறையும் தீயணைப்பு மீட்புப் பணிகள் துறையும் சேர்ந்தேதான் விவாதத்துக்கு வரும், அதுவும் பெரும்பாலும் கூட்டத்தொடரின் கடைசி நாட்களில். சட்டம் ஒழுங்கு, கஞ்சா, என்கவுன்டர், உங்கள் ஆட்சியில் எத்தனை கொலை, எங்கள் ஆட்சியில் எத்தனை கொலை. கூச்சல், வெளிநடப்பு. தீயணைப்புக்கு மிஞ்சுவது “எங்கள் தொகுதிக்கு ஒரு நிலையம் வேண்டும்” என்கிற ஒரு வரி. அந்தக் கோரிக்கை தப்பில்லை, நிலையம் வேண்டும்தான். ஆனால் அந்த நிலையத்துக்குள் நிற்கப் போகிற ஆளுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று ஒருவராவது எழுந்து கேட்க வேண்டாமா?

கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் போடுவார்கள். எத்தனை அழைப்புகள் வந்தன, எத்தனை உயிர்கள் காப்பாற்றப்பட்டன, எத்தனை வண்டிகள் வாங்கினோம் என்று அதில் கணக்கு இருக்கும். எத்தனை பேருக்குப் பயிற்சி அளித்தோம் என்பதும் கணக்காகவே வரும். அதில் எத்தனை பேர் புகைக்குள் மூச்சுக்கருவியோடு வேலை செய்து பழகினார்கள், நெருப்புக்கு எதிரில் நின்றது எத்தனை மணி நேரம், அணிவகுப்புக்குப் போனது எத்தனை மணி நேரம், பத்து வருடம் முன்பு பயிற்சி முடித்தவர் மறுபடி எப்போது கற்றுக்கொண்டார் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். உறுப்பினர் ஒருவர் நினைத்தால் கேள்வி நேரத்துக்கு இதை எழுதிக் கொடுக்கலாம். காசு பணம் செலவில்லை. ஒரு தாள் போதும்.

இங்கே என் குடும்பக் கதை கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. என் சித்தப்பா மகன் தீயணைப்போர். எந்த மாவட்டம், எந்த நிலையம் என்று சொல்ல மாட்டேன், அவன் வேலைக்கு வேட்டு வைக்க விருப்பமில்லை. போலீஸ் ஆக வேண்டும் என்றுதான் மைதானத்தில் ஓடினான். கிடைத்தது ஃபயர். சித்தி, “கவர்ன்மென்ட் உத்தியோகம்டா, போடா” என்று அனுப்பிவைத்தாள். பயிற்சி முடித்து வந்தவனிடம் என்னடா கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். பரேட் பிரமாதமாகச் செய்து காட்டினான். ஏணி டிரில், ஹோஸ் டிரில் எல்லாம் மளமளவென்று சொன்னான். மூச்சுக்கருவி பற்றிக் கேட்டபோது, “காட்டினாங்கண்ணே. வரிசையா நின்னோம், மாட்டி ஒரு ரவுண்டு போயிட்டு அடுத்தவன்கிட்ட குடுத்தோம். பேட்ச் பெருசு” என்றான். அதை மாட்டிக்கொண்டு, கண் தெரியாத புகையில், கனமான ஹோஸை இழுத்துக்கொண்டு போய்ப் பழகினாயா என்றால், “அது ஸ்டேஷனுக்கு வந்தப்புறம்தான்” என்றான். அதாவது நிஜத் தீயில்.

அவனுக்கு உண்மையான வாத்தியார் நிலையத்தில் இருந்த ஒரு மூத்தவர். பூட்டிய கடையில் தீ என்றால் ஓடிப்போய் ஷட்டரைத் தூக்காதே, முதலில் அதன் மேல் தண்ணீரை அடி, ஆவி எங்கிருந்து பறக்கிறது என்று பார் என்று சொல்லிக்கொடுத்தவர் அவர். உள்ளே காற்றில்லாமல் தீ அடங்கிக் கிடக்கும், நீ திறந்துவிடும் காற்றுதான் அதற்குச் சாப்பாடு, முகத்துக்கு நேரே கிளம்பி வரும் என்று புரியவைத்தவரும் அவர்தான். இதெல்லாம் பயிற்சிப் புத்தகத்திலும் ஒரு பக்கத்தில் இருந்திருக்கலாம். பக்கத்தில் இருப்பதும் கைக்கு வருவதும் ஒன்றா? அந்த மூத்தவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் வந்த பையன்களுக்கு யார் சொல்கிறார்கள் என்று தம்பியிடம் கேட்டேன். “நான்தான்” என்றான். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

சரி, வசவுகளுக்கு வருகிறேன்.

“எம்எல்ஏக்களுக்குத் தீயணைப்பைப் பற்றி என்ன தெரியும்? அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள்” என்று ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் எழுதியிருந்தார். மரியாதையாகவே கேட்கிறேன். எம்எல்ஏக்களுக்கு அணை கட்டத் தெரியுமா? கண் ஆபரேஷன் செய்யத் தெரியுமா? அவர்களை யாரும் ஹோஸ் பிடிக்கச் சொல்லவில்லை, கேள்வி கேட்கச் சொல்கிறோம். கேரள சட்டசபையில் 1980இலிருந்து துறைவாரிக் குழுக்கள் இருக்கின்றன, மானியக் கோரிக்கைகளை உட்கார்ந்து பார்க்கின்றன. நாடாளுமன்றத்தில் 1993இலிருந்து துறைவாரி நிலைக்குழுக்கள் இருக்கின்றன. நாக்பூரில் இருக்கும் தேசிய தீயணைப்புக் கல்லூரி 1956இல் தொடங்கியது, உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது. உள்துறைக்கான நிலைக்குழு நினைத்தால் அதன் கணக்கையும் பாடத்தையும் கேட்க முடியும். நம் பேரவையிலும் அரசின் செலவைப் பார்க்கப் பொதுக் கணக்குக் குழு உண்டு, மதிப்பீட்டுக் குழு உண்டு. மாவட்டம் மாவட்டமாக ஆய்வுக்குப் போய்ப் பாலம் பார்க்கிறார்கள், ஆஸ்பத்திரி பார்க்கிறார்கள், விடுதியில் சாம்பாரை ருசி பார்க்கிறார்கள். ஒரு நாள் பயிற்சி மைதானத்துக்கும் போய், “தம்பி, இந்த முகமூடியை மாட்டிக் காட்டு, எவ்வளவு நேரம் ஆகிறது பார்ப்போம்” என்று கேட்டால் என்ன குறைந்துவிடும்? அதற்கு நிபுணத்துவம் எதற்கு? வாட்ச் போதும்.

லண்டனில் 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு எரிந்து 72 பேர் இறந்தார்கள். விசாரணையின் முதல் அறிக்கை 2019இல் வந்தது. உள்ளே ஏறிய வீரர்களின் துணிச்சலை அது பாராட்டியது. கூடவே, “வீட்டுக்குள்ளேயே இருங்கள்” என்ற அறிவுரையைக் கைவிட்டு எல்லோரையும் வெளியேற்ற வேண்டிய நேரம் எது என்று கண்டுகொள்ள, களத்தில் தலைமை தாங்கியவர்களுக்குப் பயிற்சியே தரப்படவில்லை என்பதையும் பச்சையாக எழுதியது. வீரனை வீரன் என்று சொன்னார்கள், பயிற்சியைப் பயிற்சி என்று பேசினார்கள். தீயணைப்புத் துறைத் தலைவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்க லண்டன் பேரவையில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் குழு இருக்கிறது. இங்கே நாம் வீரனை மீம்ஸில் போடுகிறோம், பயிற்சியைத் துறைக்கே விட்டுவிடுகிறோம்.

“இந்த ஆட்சி என்பதால் கேட்கிறாய், அந்த ஆட்சியில் வாயில் என்ன வைத்திருந்தாய்?” என்று இன்னொருவர். அண்ணே, வீரர்கள் செத்துப்போன கொடுங்கையூர் தீ 2017. மதுரை தீ 2020. எந்த ஆட்சி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா ஆட்சியிலும் இதே கதைதான் என்பதுதான் என் புகாரே.

“தனியாரிடம் விட்டுவிடலாம்” என்றவருக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

“பணம் எங்கே?” என்பது மட்டும் கொஞ்சம் நியாயமான கேள்வி. நிலையங்கள், வண்டிகள், ஆட்கள் எல்லாமே போதாத மாநிலத்தில் பயிற்சிக்குத் தனியாக எங்கே போவது? ஆனால் மாநிலத் தீயணைப்புத் துறைகளை விரிவாக்கி நவீனப்படுத்த 15வது நிதிக்குழு 5,000 கோடி ரூபாய் பரிந்துரைத்தது, 2023இல் அதற்கான திட்டமும் வந்தது. நாடு முழுவதற்குமான தொகை, நமக்கும் பங்கு உண்டு. அதில் எவ்வளவு இரும்புக்குப் போகிறது, எவ்வளவு மனிதனுக்குப் போகிறது என்று கேட்பதற்குத்தானே சட்டமன்றம்? உயரமான கட்டடத்துக்கு ஏறும் ஸ்கை லிஃப்ட் வண்டி வந்தால் கொடியசைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். பயிற்சி வகுப்புக்கு யார் கொடியசைப்பார்கள்?

கொடுங்கையூர் என்றேன், உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ. 2017 ஜூலையில் ஒரு நள்ளிரவு, பூட்டியிருந்த பேக்கரியில் தீ. அணைக்கப் போன இடத்தில் சிலிண்டர் வெடித்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார், வேடிக்கை பார்க்க நின்ற கூட்டமும் சேர்ந்து பல பேர் கருகினார்கள். மதுரையில் 2020 தீபாவளியன்று விடியும் முன்பு, பழைய கட்டடத்தில் இருந்த ஜவுளிக் கடையில் தீ. கட்டடம் இடிந்து விழுந்து இரண்டு வீரர்கள் செத்துப்போனார்கள். அவர்கள் பயிற்சியில் குறை என்று நான் சொல்லவே இல்லை, தயவுசெய்து அப்படித் திரிக்காதீர்கள். இப்படி ஒரு சாவுக்குப் பிறகு, எரியும் பழைய கட்டடம் எப்போது விழும் என்று கணிக்க, கூட்டத்தைத் தள்ளி நிறுத்த, உள்ளே சிலிண்டர் இருக்கிறதா என்று முதலில் விசாரிக்க இனி எப்படிச் சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்பதைச் சபையில் வைத்துப் பேச வேண்டாமா என்கிறேன். இரங்கல் சொன்னோம், நிவாரணம் அறிவித்தோம், அரசு மரியாதை கொடுத்தோம். சரி. அப்புறம்?

அந்தத் தீபாவளிக் காலையில் சித்தி எங்கள் எல்லோருக்கும் போன் போட்டாள். தம்பி மதுரையிலேயே இல்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் போட்டாள். “டிவியைப் பார்த்தீங்களாடா” என்பதற்கு மேல் பேச்சு வரவில்லை. அவன் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து தீபாவளிக்கு வீட்டில் இருந்ததில்லை. உங்கள் ராக்கெட் அடுத்த வீட்டு ஓலைக் கொட்டகையில் விழும் என்று எதிர்பார்த்து வண்டியோடு காத்திருப்பான். மறுநாள் வந்து ஆறிப்போன அதிரசம் தின்பான்.

ஏப்ரல் 14 என்றால் நமக்குச் சித்திரை முதல் நாள், விடுமுறை, மாங்காய்ப் பச்சடி. 1944இல் அதே தேதியில் பம்பாய் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் வெடித்து, அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் அறுபதுக்கும் மேல் செத்தார்கள். அவர்களுக்காகத்தான் அன்றைக்கு ஒவ்வொரு நிலையத்திலும் மலர்வளையம் வைக்கிறார்கள். அன்றிலிருந்து ஒரு வாரம் தீயணைப்பு வாரம். அந்த வாரத்தில் கலெக்டர் வருவார், பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள், எம்எல்ஏவும் வந்து அணைப்பானைக் கையில் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்வார். வந்ததுதான் வந்தீர்கள், பக்கத்தில் நிற்கும் பையனிடம் கடைசியாக எப்போது பயிற்சிக்குப் போனாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன். போனால் போகிறது.

சிரித்த நண்பர்களுக்கு ஒன்று. அந்த வீடியோவில் விழுந்தவர் எழுந்து மறுபடி உள்ளே போனார். வெட்டி ஒட்டியவர் அந்தப் பகுதியை நறுக்கிவிட்டார், முழு வீடியோவும் கிடைக்கிறது, தேடிப் பாருங்கள். மூச்சுக்கருவி ஏன் போடவில்லை என்று எனக்கும் கேள்வி இருக்கிறது. வண்டியில் இல்லையா, இருந்தும் சிலிண்டரில் காற்று இல்லையா, எல்லாம் இருந்து மாட்டும் பழக்கம் இல்லையா? மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு பதில், மூன்றுக்கும் பொறுப்பானவர்கள் வேறு வேறு ஆட்கள். அதில் ஒருவர்கூட அந்த வாசலில் ஈரத் துண்டோடு நிற்கவில்லை.

எங்கள் தொகுதி உறுப்பினர் அலுவலகத்துக்கு இந்தக் கேள்விகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தொடரில் கேட்கிறாரா பார்ப்போம். உங்கள் தொகுதியில் கொடுக்க விரும்புகிறவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள், அந்தத் தாளை அனுப்புகிறேன். இங்கே வந்து மறுபடியும் அந்த வீடியோவை ஒட்டுகிறவர்களின் பின்னூட்டத்தை நீக்குவேன், விளக்கம் கேட்காதீர்கள்.