அப்பா வந்தாதான் ஆட்டமே ஆரம்பம்
குழந்தைங்கள தூங்க வைக்க எட்டு மணிக்கே லைட்ட அணைச்சுடுங்கனு உங்க பதிவுல எழுதியிருக்கீங்க, ஆனா எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல இருந்து வர்றதே ஒன்பதுக்கு மேல, பைக் சத்தம் கேட்டதும் எங்க குழந்தைங்க ரெண்டும் சோபால இருந்து குதிக்க ஆரம்பிச்சா கீழ் வீட்டு பாட்டிக்கு தூக்கம் போச்சு. அதுக்காக அதட்டாதீங்க ப்ளீஸ், பாவம், அப்பாவ பாக்கற நேரமே அதுதான். ஆனா 3 - 5 வயசுக்கு பகல் தூக்கமும் சேர்த்து 10 - 13 மணி நேரம் தூங்கணுமே, காலைல ஸ்கூல் வேன் வேற வந்துடும். எங்களுக்கு கைகொடுத்தது, சாயங்காலம் மொட்டை மாடில நல்லா ஓட விட்டு, சாப்பிட்டதும் டிவி மொபைல் எல்லாம் ஆஃப் பண்ணி ஜீரோ வாட்ஸ் பல்பு மட்டும் போடறதுதான், வெளிச்சம் கண்ல பட்டுட்டே இருந்தா தூக்கத்த வரவழைக்கற மெலடோனின்ங்கற ஹார்மோன் சுரக்கறது தள்ளிப்போகும். அப்பாவோட குதிரை ஏத்தமெல்லாம் இப்ப காலைல வேன் வர்றதுக்கு முன்னாடி.