இலவச மருந்துக்கு ஒரு நாள் பேர்

இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்துச் சனம் வைத்தியத்துக்குப் பெரிதாகச் செலவழிப்பதில்லை என்று ஏதாவதொரு ஆய்வைக் காட்டி யாராவது பேசினால் எனக்குப் பொறுக்க முடிவதில்லை. எண் சரியாகவே இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு, "அப்போ அங்கே சுமை குறைவுதானே" என்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

வைத்தியச் செலவு ஒரு குடும்பத்தை நொடித்துப் போடுகிறதா என்று பார்க்க, சுகாதாரப் பொருளியலில் நீண்ட காலமாக ஒரு கோடு வைத்திருக்கிறார்கள். குடும்பச் செலவில் அல்லது வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேல் கைப்பணம் வைத்தியத்துக்குப் போனால் அது தாங்க முடியாத செலவு. கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் செய்துகொண்ட குடும்பம் இந்தக் கோட்டைத் தாண்டிவிடும். மலையகத்துப் பொகவந்தலாவையில், ஒரு தோட்டத்தின் மேல் பிரிவில் (டிவிசனில்), காசில்லாமல் கிளினிக்கையே விட்டுவிட்ட ஒரு அம்மா தாண்டவே மாட்டார். அவருடைய செலவு பூச்சியம். கணக்கின்படி அவர் பாதுகாப்பாக இருக்கிறார்!

2019ஆம் ஆண்டு வீட்டு வருமான, செலவின ஆய்வில் தோட்டத் துறையின் வறுமை வீதம் 33.8 சதவீதம். நகர்ப்புறத்தில் அது 6. இப்படிப்பட்ட இடத்தில் வைத்தியச் செலவு குறைவாகத் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்?

எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, பக்கத்து லயத்தில் ஒரு பெரியம்மா இருக்கிறார். பிரஷர், சீனி வருத்தம் இரண்டும் உண்டு. மாதம் ஒரு கிளினிக். விடிவதற்கு முன்னே எழும்பி ரோட்டுக்கு இறங்க வேண்டும், மழையென்றால் ஓட்டோ. அப்புறம் பஸ். நம்பர் எடுத்து, பிரஷர் பார்த்து, டொக்டரைக் கண்டு, மருந்து கொடுக்கும் ஜன்னலில் இன்னொரு வரிசை. வீடு திரும்ப மத்தியானம் தாண்டிவிடும். அன்றைக்கு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போக முடியாது, பேர் இல்லை, அதாவது அந்த நாள் சம்பளம் இல்லை. 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் நாளொன்றுக்கு அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அந்த நாள் சம்பளம் போயிற்று. சிங்களத்தில் பேச வேண்டி வருமே என்று மகளையும் கூட்டிக்கொண்டு போனால் இரண்டு நாள் பேர் போயிற்று. மருந்து கையிருப்பில் இல்லாத நாளென்றால் துண்டு எழுதிக் கொடுப்பார்கள், வெளியே பார்மசியில் வாங்க வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் அது எந்த அளவுக்குப் போனது என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே பெரியம்மா ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். மருந்து உறையிலிருந்து பிரஷர் குளிசையை எடுத்து, பழைய பிளேடால் பலகையில் வைத்துச் சரிபாதியாக வெட்டுகிறார். ஒரு பாதி வாயில், மறுபாதி திரும்பவும் உறைக்குள். ஒரு மாத மருந்து இரண்டு மாதம் வருகிறது, ஒரு கிளினிக் மிச்சம், ஒரு பேர் மிச்சம். இது தெரியாத்தனத்தில் நடக்கும் காரியமில்லை. கையில் இருப்பதை வைத்துச் செய்த முழுக் கணக்கு. பக்கவாதம் வந்தால் அந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்பதும் அவருக்குத் தெரியும். லயத்தில் அப்படிப் படுத்தவர்களைப் பார்த்திருக்கிறார்.

நோயாளிகளின் விருப்பம் என்ன என்றும் ஆய்வுகள் கேட்கின்றன, அதற்கு வருகிறேன். இரண்டு ஆஸ்பத்திரிகளை எதிரெதிரே வைத்து, இதில் காத்திருப்பு குறைவு, அதில் தூரம் குறைவு, எதற்குப் போவீர்கள் என்று கேட்கும் ஆய்வு முறை உலகமெங்கும் இருக்கிறது. நல்ல முறைதான். இந்த வசதிக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்பதும் உண்டு. அதில் எனக்கு நம்பிக்கை குறைவு. கொடுக்க இல்லாதவரின் பதில் எப்போதும் சின்னத் தொகையாகத்தானே இருக்கும்? அவருக்கு அந்த வசதி தேவையில்லை என்று அதற்கு அர்த்தமா?

ஒருமுறை கேள்விக்கொத்தோடு வந்த ஒரு பிள்ளைக்கு லயம் காட்டப் போயிருந்தேன். "ஆஸ்பத்திரி சேவையில் உங்களுக்கு என்ன எதிர்பார்ப்பு?" என்று கேட்டது. "குடுக்கிறத குடுத்தா போதும் புள்ள, நமக்கு என்னா" என்றார் பெரியம்மா. திருப்தி என்று குறித்துக்கொண்டது. நான் குறுக்கே புகுந்து, "பெரியம்மா, கிளினிக் எந்த நாள்ல வச்சா ஒங்களுக்கு லேசு?" என்று கேட்டேன். பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம், மருந்தை இரண்டு மாதத்துக்குக் கொடுக்கலாம், தமிழ் தெரிந்த ஒரு ஆளை வைக்கலாம், கக்கூஸ் திறந்திருக்க வேண்டும்... கேள்விக்கொத்தில் இதற்கெல்லாம் இடமே இருக்கவில்லை.

பொருளியலாளர் அமர்த்தியா சென் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். வைத்திய வசதியும் படிப்பும் கூடுதலாக உள்ள கேரளாவில் நோய் இருப்பதாகச் சொல்பவர்கள் அதிகம், பீகாரில் குறைவு. பீகார்காரர்கள் ஆரோக்கியசாலிகள் என்பதல்ல காரணம். கிடைக்காத ஒன்றை எதிர்பார்க்காமலே பழகிவிட்டால் நோயைக்கூட நோயென்று சொல்லத் தோன்றாது. "வயசானா கால் வீங்கத்தான் செய்யும்" என்ற பேச்சை நம் லயங்களில் கேட்காதவர் உண்டா?

இந்தப் பழக்கத்துக்கு வரலாறும் உண்டு. 1912இல் கொண்டுவந்த மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டத்து ஆட்களின் வைத்தியத்தைத் தோட்டத்தை நடத்திய துரைமாரின் பொறுப்பாக்கியது. நாட்டில் 1951இல் இலவச வைத்தியம் வந்த பிறகும் நமக்கு டிஸ்பென்சரிதான் கதி. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பெடுக்கத் தொடங்கியதே தொண்ணூறுகளில்.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. தாய் சேய் விஷயத்தில் மிட்வைஃப் மிஸ் லயத்துக்கே வருகிறார். வயிற்றுப்பிள்ளைக்காரியைத் தேடி வந்து கொப்பியில் பதிந்து, எடை பார்த்து, வராதவர்களைக் கூப்பிட்டு அனுப்புகிறார். இந்த நாட்டின் தாய் மரண வீதம் குறைந்ததில் அந்த நடைக்குப் பெரிய பங்கு உண்டு. பிரஷருக்கும் சீனிக்கும் மட்டும் ஏன் நோயாளிதான் மலை இறங்க வேண்டும்?

பேராதனையிலும் கொழும்பிலும் பொருளியலும் மருத்துவமும் படிக்கும் நம் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். கேள்விக்கொத்து தயாரிக்கும்போது, போக வேண்டிய கிளினிக்குக்கு எப்போதாவது போகாமல் விட்டீர்களா, ஏன், கூட வந்தவருக்கும் பேர் போனதா என்று கேளுங்கள். அதோடு ஞாயிறு கிளினிக்குக்கு ஒரு டொக்டர், ஒரு நர்ஸ், மருந்து கொடுக்கும் ஒருவர் ஆகியோரின் ஓவர்டைம் எவ்வளவு வரும், அதனால் ஒரு டிவிசனில் மாதம் எத்தனை நாள் சம்பளம் மிஞ்சும் என்று கணக்குப் போட்டு, மத்திய மாகாணத்திலும் ஊவாவிலும் சுகாதார அமைச்சின் மேசையில் வையுங்கள். ஆட்களைத் திரட்டவும், லயம் லயமாகக் கூட்டிக்கொண்டு போகவும் நான் வருகிறேன்.